பிரிட்டிஷா, அமெரிக்கனா, ஆக்ஸ்ஃபோர்டா: ஆங்கிலத்தில் எழுதும்போது எதைப் பிடித்துக்கொள்வது?

ஆங்கிலத்தில் ஓர் அறிக்கையோ ஆய்வுக் கட்டுரையோ எழுத உட்காருகிறவருக்கு முதல் பக்கத்திலேயே ஒரு கேள்வி வந்துவிடும். 'கலர்' என்ற சொல்லில் யு எழுத்து வேண்டுமா, வேண்டாமா? 'ஆர்கனைஸ்' என்பதற்கு எஸ் போடுவதா, இஸட் போடுவதா? பலர் இதில் நின்று யோசிப்பதில்லை. கணினி எதற்குச் சிவப்புக் கோடு போடவில்லையோ அதை அப்படியே விட்டுவிட்டு நகர்கிறார்கள். பத்தாம் பக்கத்துக்குப் போவதற்குள் இரண்டு வகையும் கலந்துவிடும்.

இதில் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுத்துக்கூட்டலில் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் நஷ்டம் பெரிதாக இல்லை. யார் படிக்கப்போகிறார்கள் என்று பார்த்து ஒன்றை எடுத்துக் கடைசிவரை அதையே ஓட்டினால் போதும். ஆபத்து இருப்பது சொற்களில். அட்லாண்டிக்கின் இரண்டு கரையிலும், அதாவது பிரிட்டனிலும் அமெரிக்காவிலும், ஒரே மாதிரி எழுதப்பட்டு, வெவ்வேறு பொருள் தரும் சொற்களை எந்தப் பிழைதிருத்தியும் காட்டிக்கொடுக்காது. ஆனால் மக்கள் சண்டை போடுவதெல்லாம் யு எழுத்தைப் பற்றித்தான்.

எழுத்துக்கூட்டல்: மூன்று பாதைகள்

சாமுவேல் ஜான்சனின் அகராதி லண்டனில் 1755-இல் வந்தது. 'ஆனர்', 'கலர்' போன்ற சொற்களுக்கு ஓ-யு-ஆர் முடிவை அவர் ஆதரித்தார். பிரிட்டிஷ் வழக்கம் அங்கே உறுதிப்பட்டது. அமெரிக்காவில் நோவா வெப்ஸ்டர் 1806-இல் ஒரு சிறிய அகராதியும் 1828-இல் பெரிய அகராதியும் வெளியிட்டார். புது நாட்டுக்குத் தனி அடையாளம் வேண்டும், பிள்ளைகள் எளிதாகப் படிக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். யு எழுத்தை நீக்கினார். 'சென்டர்', 'தியேட்டர்' சொற்களின் கடைசியில் ஆர்-இ என்றிருந்ததை இ-ஆர் ஆக்கினார். அவர் சொன்னது எல்லாம் எடுபட்டதா என்றால், இல்லை. நாக்கைக் குறிக்கும் சொல்லை டி-யு-என்-ஜி என்று எழுதச் சொன்னார், ஒருவரும் கேட்கவில்லை. பெண்கள் என்ற சொல்லை ஒலிக்கிறபடியே இரண்டு எம் போட்டு எழுதும் யோசனைக்கும் அதே கதி. இன்று நாம் அமெரிக்க எழுத்துக்கூட்டல் என்று சொல்வது அந்தச் சீர்திருத்தத்தில் மக்கள் ஏற்றுக்கொண்ட பகுதி மட்டும்தான்.

கற்பவருக்கு அமெரிக்கப் பாதையில் ஒரு சௌகரியம் உண்டு. 'ப்ராக்டிஸ்' என்பதைப் பெயர்ச்சொல்லானால் சி, வினையானால் எஸ் என்று பிரிட்டிஷார் பிரித்து எழுதுவார்கள். 'லைசென்ஸ்' சொல்லுக்கும் அதே விதி. அமெரிக்கர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை: 'ப்ராக்டிஸ்' எப்போதும் சி, 'லைசென்ஸ்' எப்போதும் எஸ். ஆனால் அமெரிக்க வடிவம் எல்லா இடத்திலும் குட்டையானது என்று நம்பிவிடக் கூடாது. 'ட்ராவலர்' சொல்லில் பிரிட்டிஷார் இரண்டு எல் போட, அமெரிக்கர்கள் ஒன்றோடு நிறுத்துகிறார்கள். 'என்ரோல்', 'ஃபுல்ஃபில்', 'ஸ்கில்ஃபுல்' சொற்களில் நிலைமை தலைகீழ்: பிரிட்டிஷார் ஓர் எல் எழுத்தை மிச்சம் பிடிக்கிறார்கள், அமெரிக்கர்கள் கூடுதலாக ஒன்று போடுகிறார்கள். பார்வைக்கு அமெரிக்கச் சாயல் இருக்கட்டும் என்று எல் எழுத்தைக் குறைத்துக்கொண்டே போகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான்.

மூன்றாவது பாதைக்குப் பெயர் ஆக்ஸ்ஃபோர்டு எழுத்துக்கூட்டல். பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. மற்றவை எல்லாம் பிரிட்டிஷ் முறைதான்: 'கலர்' யு-வோடு, 'சென்டர்' ஆர்-இ-யோடு. 'ஆர்கனைஸ்', 'ரியலைஸ்' வகைச் சொற்களுக்கு மட்டும் இஸட். காரணம், அந்த விகுதி கிரேக்கத்திலிருந்து வந்தது, அங்கே அது இஸட் ஒலிதான் என்பது ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்களின் வாதம். இஸட் அமெரிக்க இறக்குமதி என்று கோபப்படுகிற பிரிட்டிஷார் நிறைய உண்டு. அமெரிக்கா தனி நாடாவதற்கு வெகுகாலம் முன்பே இங்கிலாந்தில் அந்த வடிவம் புழக்கத்தில் இருந்தது என்று சொன்னால் அவர்கள் நம்புவதில்லை.

ஆக்ஸ்ஃபோர்டு முறையில் தூய்மை இருக்கிறது, ஆனால் இரண்டு பொறிகளும் இருக்கின்றன. 'அனலைஸ்' சொல்லின் வால் வேறு கிரேக்க வேரிலிருந்து வந்தது. அதனால் அங்கே எஸ்தான். அமெரிக்கர்கள் அதற்கும் இஸட் போடுகிறார்கள். அப்புறம் 'அட்வர்டைஸ்', 'சர்ப்ரைஸ்', 'எக்ஸர்சைஸ்', 'காம்ப்ரமைஸ்' போன்ற சொற்களுக்கு எந்தக் கரையிலும் எஸ்தான். அவற்றில் அந்த விகுதியே கிடையாது. இந்தப் பட்டியலைத் தலையில் வைத்துக்கொள்ள முடியாதவர் எஸ் மட்டும் போடும் சாதாரண பிரிட்டிஷ் முறையில் போவது நல்லது. அதில் எல்லாவற்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு எஸ் போடலாம். 'கேப்சைஸ்', அதாவது படகு கவிழ்வதைக் குறிக்கும் சொல் போன்ற ஓரிரண்டுக்கு மட்டும் இஸட்.

கனடாக்காரர்கள் தங்களுக்கென்று ஒரு கலவை வைத்திருக்கிறார்கள்: 'கலர்' யு-வோடு, 'சென்டர்' ஆர்-இ-யோடு, ஆனால் வண்டிச் சக்கரத்தின் 'டயர்' அமெரிக்க மாதிரி ஐ எழுத்தோடு. கனடா வாசகருக்கு எழுதாதவர் இதை எடுக்க வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவில் உழைப்பு என்ற பொருள் தரும் 'லேபர்' சொல்லுக்கு யு உண்டு. ஆனால் அதே பெயருள்ள கட்சி 1912 முதல் யு இல்லாமல்தான் பெயரை எழுதுகிறது.

வேதியியலாளர்கள் இந்தச் சண்டையைத் தீர்த்துக்கொண்ட விதம் எனக்குப் பிடிக்கும். கந்தகத்துக்கான 'சல்ஃபர்' சொல்லைப் பிரிட்டிஷார் பி-எச் போட்டும் அமெரிக்கர்கள் எஃப் போட்டும் எழுதி வந்தார்கள். அலுமினியத்தை அமெரிக்கர்கள் கடைசி ஐ இல்லாமல் 'அலுமினம்' என்கிறார்கள். இத்தனைக்கும் 1812-இல் அந்த 'அலுமினம்' வடிவத்தை அச்சில் தந்தவர் ஹம்ஃப்ரி டேவி என்ற ஆங்கிலேயர்தான். தனிமங்களின் பெயர்களை வரையறுக்கும் சர்வதேச அமைப்பான ஐயூபிஏசி 1990-இல் கந்தகத்துக்கு எஃப் வடிவத்தையும், உலோகத்துக்கு 'அலுமினியம்' வடிவத்தையும் எடுத்துக்கொண்டது. ஆளுக்கு ஒன்று. மூன்று ஆண்டு கழித்து 'அலுமினம்' என்பதையும் மாற்று வடிவமாக அனுமதித்துவிட்டார்கள். ஆக, அறிவியல் கட்டுரை முழுக்கப் பிரிட்டிஷ் முறையில் இருந்தாலும் கந்தகம் எஃப்-ஓடு வருவது பிழையல்ல.

ஒரே சொல், இரண்டு பொருள்

எழுத்துக்கூட்டல் தவறினால் வாசகர் புருவத்தை உயர்த்துவார், அவ்வளவுதான். 'டேபிள்' என்ற வினை தவறினால் கூட்டமே கலைந்துவிடும். பிரிட்டிஷ் வழக்கில் ஒரு தீர்மானத்தை 'டேபிள்' செய்வது என்றால் விவாதத்துக்கு எடுத்து வைப்பது. அமெரிக்காவில் அதற்குப் பொருள் இப்போதைக்கு ஒதுக்கி வைப்பது. இரண்டாம் உலகப்போரின்போது பிரிட்டிஷ் அதிகாரிகள் ஒரு திட்டத்தை அவசரமாகப் பேச வேண்டும் என்பதற்காக 'டேபிள்' செய்யலாம் என்றார்கள். அமெரிக்க அதிகாரிகள், இது முக்கியமானது, 'டேபிள்' செய்யவே கூடாது என்றார்கள். நீண்ட நேரம் காரசாரமாக வாதாடிய பிறகுதான் இரு தரப்பும் கேட்பது ஒன்றே என்று புரிந்தது. போர் நினைவுகளில் இதைப் பதிந்திருப்பவர் வின்ஸ்டன் சர்ச்சில்.

'மூட் பாயிண்ட்' என்பதும் இதே ரகம். 'மூட்' என்றால் பழங்காலத்தில் மக்கள் கூடும் மன்றம்; பிறகு சட்ட மாணவர்கள் பழகுவதற்காக நடத்தும் பாவனை வழக்கு. இந்த வேரிலிருந்து பிரிட்டிஷ் வழக்கு எடுத்துக்கொண்ட பொருள், இன்னும் முடிவாகாத, வாதத்துக்கு உரிய விஷயம். அமெரிக்கர்கள் அதே வேரின் பாவனைப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டார்கள்: பேசிப் பயனில்லாத, நடைமுறையில் அர்த்தமிழந்துபோன விஷயம். ஒப்பந்தத்தில் இந்தச் சொல் வந்தால் எந்தப் பொருளில் வந்திருக்கிறது என்று கேட்டே ஆக வேண்டும். நீங்களே எழுதுவதானால் தொடவே வேண்டாம்.

பெரிய சொற்களைவிடச் சின்னச் சொற்கள் இன்னும் விஷமமானவை. 'க்வைட் குட்' என்று ஓர் அமெரிக்கர் எழுதினால் நன்றாகவே இருக்கிறது என்று பொருள். ஒரு பிரிட்டிஷ்காரர் எழுதினால் பரவாயில்லை, சுமார் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். பரிந்துரைக் கடிதத்தில் இந்த இரண்டுக்கும் இடையில் ஒருவருடைய வேலையே தொங்கலாம். 'மொமென்டரிலி' சொல்லுக்கு அமெரிக்கப் பொருள் இன்னும் சற்று நேரத்தில். பழைய பிரிட்டிஷ் பொருள் ஒரு கணம் மட்டும். விமானம் 'மொமென்டரிலி' தரையிறங்கும் என்ற அறிவிப்பைக் கேட்டு, இறங்கிய உடனே மறுபடி கிளம்பிவிடுமா என்று பிரிட்டிஷ் பயணிகள் கேலி செய்வதுண்டு. 'ஸ்கீம்' பிரிட்டனில் சாதாரண அரசுத் திட்டம். ஓய்வூதியத் திட்டத்துக்குக்கூட அதுதான் பெயர். அமெரிக்கக் காதில் அது சூழ்ச்சி மாதிரி விழும். 'ஹோம்லி' என்றால் பிரிட்டனில் வீட்டுச் சுகம் தருவது. அமெரிக்காவில் ஒரு பெண்ணை அப்படிச் சொன்னால் அழகில்லாதவள் என்று அர்த்தம். நல்ல எண்ணத்தில் சொல்லிக் கெட்ட பெயர் வாங்கிக்கொள்ள இதைவிட நேர்வழி கிடையாது.

'பேவ்மென்ட்' பிரிட்டனில் நடைபாதை, அமெரிக்காவில் வண்டி ஓடும் சாலையின் தளம். பாதுகாப்புக் குறிப்பில் இதைக் குழப்பினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. 'பேன்ட்ஸ்' பிரிட்டனில் உள்ளாடை, 'ரப்பர்' அமெரிக்காவில் ஆணுறை. 'ஃபர்ஸ்ட் ஃப்ளோர்' பிரிட்டனில் ஒரு மாடி ஏறினால் வருவது, அமெரிக்காவில் தெருமட்டத்தில் இருப்பது. 'பப்ளிக் ஸ்கூல்' அமெரிக்காவில் அரசுப் பள்ளி. இங்கிலாந்தில் கட்டணம் வாங்கும் பழம்பெரும் தனியார் பள்ளி. இவற்றுக்கெல்லாம் நடுநிலைச் சொல் உண்டு. தெருமட்டத் தளம், அதற்கு மேல் தளம் என்று விரித்து எழுதினால் ஒருவரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

எண்களிலும் இதே கதை. 1974-இல் பிரதமர் ஹெரால்ட் வில்சன் அறிவித்த பிறகுதான் பிரிட்டிஷ் அரசு 'பில்லியன்' என்பதை ஆயிரம் மில்லியன் என்ற பொருளில் சீராக எடுத்துக்கொண்டது. அதற்கு முந்தைய பிரிட்டிஷ் நூல்களில் அது மில்லியன் மில்லியனாக இருக்கலாம். பழைய புள்ளிவிவரம் எடுத்தாள்பவர்கள் கவனிக்க வேண்டும். பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர், அமெரிக்க கேலன் 3.785 லிட்டர். ஒரே கார் பிரிட்டிஷ் கணக்கில் கேலனுக்கு அதிக மைல் ஓடுவதன் ரகசியம் இதுதான். தேதியை 04/05 என்று எழுதினால் ஒரு கரையில் மே 4, மறு கரையில் ஏப்ரல் 5. மாதத்தின் பெயரை எழுத்தில் போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

அரிய சொற்கள்: வைத்துக்கொள்வதா, விடுவதா?

ஆங்கிலத்தில் கொஞ்சம் தேறியதும் அபூர்வச் சொற்கள் மேல் ஓர் ஆசை வரும். எனக்கும் உண்டு. ஆனால் எது அழகு, எது வேஷம் என்று பார்க்க ஓர் அளவுகோல் வேண்டும். நான் பயன்படுத்துவது இது: அந்தச் சொல் குறிக்கும் பொருள் அந்த நாட்டில் மட்டும் இருக்கிறதா? இருந்தால் சொல்லை எடுத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் அது வெறும் நிறம்.

'கஸம்ப்' என்ற பிரிட்டிஷ் சொல்லைப் பாருங்கள். வீட்டை ஒருவருக்கு விற்கச் சம்மதித்த பிறகு, இன்னொருவர் அதிக விலை சொன்னதும் அவருக்கு மாற்றிக்கொடுப்பதற்கு இந்தப் பெயர். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒப்பந்தப் பத்திரங்களைப் பரிமாறிக்கொள்ளும் வரை வீட்டு விற்பனை இரு தரப்பையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. அந்த இடைவெளியில் பிறந்த சொல் இது. கடைசி நேரத்தில் வாங்குபவர் விலையைக் குறைக்கிற எதிர்த் தந்திரத்துக்கும் 'கஸண்டர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த நாட்டு வீட்டுச் சந்தையைப் பற்றி எழுதுகிறவர் இதைத் தவிர்த்தால் ஒரு வரி விளக்கம் எழுத வேண்டிவரும்.

அமெரிக்கப் பக்கத்தில் 'ஜெரிமாண்டர்' அப்படிப்பட்டது. 1812-இல் மாசசூசெட்ஸ் ஆளுநராக இருந்த எல்பிரிட்ஜ் கெர்ரி தன் கட்சிக்குச் சாதகமாகத் தொகுதிகளை வெட்டிக் கோடு போட்ட சட்டத்தில் கையெழுத்திட்டார். அதில் ஒரு தொகுதி சாலமாண்டர் என்ற பல்லி மாதிரி உயிரினத்தின் வடிவில் இருந்ததாகப் பத்திரிகைகள் கிண்டலடிக்க, அவர் பெயரும் பிராணியின் பெயரும் ஒட்டிக்கொண்டன. அவர் பெயரைக் கெர்ரி என்று ககரத்தில் சொல்ல வேண்டும். சொல்லை மட்டும் உலகமே ஜகரத்தில் சொல்கிறது. இது இப்போது பிரிட்டிஷ் நாளிதழ்களிலும் தடையில்லாமல் வருகிறது. கரை தாண்டிவிட்ட சொல், யாரும் எடுத்தாளலாம்.

'சிஃபாலஜி' என்ற தேர்தல் ஆய்வுத் துறைச் சொல் அவ்வளவு தூரம் போகவில்லை. கிரேக்கத்தில் கூழாங்கல்லைப் போட்டு வாக்களித்த வழக்கத்தை வைத்து இருபதாம் நூற்றாண்டின் நடுவில் பிரிட்டனில் உருவானது. அமெரிக்க வாசகர் இதைக் கண்டால் அகராதியைத் தேடக்கூடும். ஆளுநர் தேர்தலைச் சொல்லும் 'கூபர்னடோரியல்' அமெரிக்கச் செய்திகளில் அன்றாடச் சொல். மற்றவர்களுக்கு ஏதோ நோயின் பெயர் மாதிரி இருக்கும்.

'பம்பர்ஷூட்' கதை வேடிக்கையானது. குடையைக் குறிக்கும் இந்தச் சொல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் பிறந்தது. ஆனால் பல அமெரிக்கர்கள் இதைப் பிரிட்டிஷ் சொல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பிரிட்டிஷ்காரர்களோ பெரும்பாலும் கேள்விப்பட்டதே இல்லை. அடுத்த கரைக்காரர் மாதிரி பேசிக்காட்ட முயன்றால் இப்படித்தான், அங்கே இல்லாத ஒன்றைப் பேசிவிட்டு நிற்போம். 'வைல்ஸ்ட்', 'அமங்ஸ்ட்' போன்ற நீண்ட வடிவங்களைப் பிரிட்டிஷ் கம்பீரம் என்று எண்ணித் தூவுகிறவர்களுக்கும் இது பொருந்தும். 'வைல்', 'அமங்' இரண்டும் பிரிட்டனிலும் சரியானவை, அதிகம் புழங்குபவையும் கூட.

தொலைதூரப் பட்டிக்காட்டைக் குறிக்கும் 'பூன்டாக்ஸ்' பிலிப்பைன்ஸின் தகலோக் மொழியில் மலையைக் குறிக்கும் சொல்லிலிருந்து அமெரிக்கச் சிப்பாய்கள் கொண்டுவந்தது. பணத்தை விழுங்கும் வீண் வேலைக்குச் சொல்லும் 'பூன்டாகிள்' 1930-களின் அரசு நிவாரணத் திட்டங்களைப் பற்றிய சர்ச்சையில் பரவியது. இரண்டும் ஒலியில் பக்கத்து வீட்டுக்காரர்கள், உறவு கிடையாது. இவற்றை ரசிக்கலாம், அறிக்கையில் போட வேண்டாம். 'நான்ப்ளஸ்ட்' சொல்லை ரசிக்கக்கூடத் தயங்குவேன். மூலப்பொருள் திகைத்துப்போவது. அமெரிக்காவில் பலர் அதற்கு நேர்மாறாக, சலனமில்லாமல் இருப்பது என்ற பொருளில் எழுதத் தொடங்கிவிட்டார்கள். ஒருவர் திகைத்தாரா, அசையாமல் இருந்தாரா என்றே வாசகருக்குத் தெரியாது.

ஒரே ஒரு அரிய சொல்லுக்காக வாதாடுவேன்: 'ஃபோர்ட்நைட்'. இரண்டு வாரம் என்ற பொருளில் பிரிட்டனில் சர்வசாதாரணம். அமெரிக்கர்களிடம் வழக்கில் இல்லை. இளைஞர்களுக்கு அது வீடியோ கேமின் பெயர். ஆனால் அவர்கள் அதற்குப் பதிலாக வைத்திருக்கும் 'பைவீக்லி' இரண்டு வாரத்துக்கு ஒருமுறையா, வாரத்துக்கு இருமுறையா என்று அகராதிகளே இரண்டையும் பட்டியலிடுகின்றன. இந்த ஓர் இடத்தில் பிரிட்டிஷ் சொல் தெளிவானது. இருந்தாலும் அமெரிக்கருக்கு எழுதும்போது 'எவ்ரி டூ வீக்ஸ்' என்று விரித்துவிடுவதே நல்லது.

இலக்கணமும் நிறுத்தற்குறியும்

இலக்கண வேறுபாடுகள் அவ்வளவு பயமுறுத்துபவை அல்ல. பிரிட்டிஷார் ஓர் அணியையோ அரசையோ பன்மையாகப் பாவித்து 'ஆர்' போடலாம். அமெரிக்கர்கள் ஒருமையில் 'இஸ்' போடுவார்கள். ஒருமை இரு கரையிலும் செல்லும் என்பதால் நான் அதையே எடுப்பேன். 'காட்டன்', அதாவது 'கெட்' வினையின் பழைய வடிவம், இங்கிலாந்திலிருந்து போய் அமெரிக்காவில் பிழைத்துக்கொண்டது. அதை எல்லா இடத்திலும் போடுவது அமெரிக்க வழக்கு அல்ல. அடைந்தது, ஆகிவிட்டது என்ற பொருளுக்கு மட்டும் 'காட்டன்'. கையில் இருக்கிறது என்ற பொருளுக்கு அவர்களும் 'காட்' என்றுதான் சொல்கிறார்கள். இந்த நுட்பம் பிடிபடாதவர் அதைத் தொடாமல் இருப்பதே மேல்.

மேற்கோள்குறியில் ஒரு நிஜமான சிக்கல் இருக்கிறது. அமெரிக்க முறையில் காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் மேற்கோள்குறிக்கு உள்ளே போய்விடும், அவை மேற்கோளின் பகுதியாக இல்லாவிட்டாலும். கதைக்கு இது ஒத்துவரும். கணினிக் கட்டளையை மேற்கோள்குறிக்குள் போட்டுவிட்டு உள்ளே ஒரு புள்ளியையும் வைத்தால், படிக்கிறவர் அதையும் சேர்த்துத் தட்டச்சு செய்துவிடுவார். தொழில்நுட்பக் கையேட்டில் மட்டும் பிரிட்டிஷ் தர்க்கத்தைப் பின்பற்றுவது நல்லது. அல்லது கட்டளையைத் தனி வரியில் போட்டுவிடலாம்.

சரி, எதை எடுப்பது?

அனுப்பும் இடத்துக்கு ஒரு விதி இருந்தால் பேச்சே இல்லை. ஐ.நா. சபை, உலக சுகாதார அமைப்பு ஆகியவை ஆக்ஸ்ஃபோர்டு முறையைப் பின்பற்றுகின்றன. அதனால்தான் அவர்கள் பெயர்களில் 'ஆர்கனைசேஷன்' இஸட்டோடும் 'ப்ரோக்ராம்' இரண்டு எம், ஓர் இ-யோடும் வருகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிறுவனங்கள் பிரிட்டிஷ் முறையில், உலக வங்கியும் சர்வதேச நாணய நிதியமும் அமெரிக்க முறையில் எழுதுகின்றன. 'நேச்சர்' ஆய்விதழ் ஆக்ஸ்ஃபோர்டு பக்கம், 'சயின்ஸ்' அமெரிக்கப் பக்கம். ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐஈஎல்டிஎஸ் தேர்வில் எந்த எழுத்துக்கூட்டலும் செல்லும். அதற்காகப் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை.

விதி ஏதும் இல்லாத இடத்தில் என் சாய்வு இப்படி. மென்பொருள் சார்ந்த எழுத்து என்றால் அமெரிக்கன். நிரலில் நிறத்தைக் குறிக்கும் பண்பு யு இல்லாமல்தான் இருக்கும். விளக்கத்தில் யு-வும் நிரலில் யு இல்லாமலும் எழுதிக்கொண்டிருந்தால் தேடுபவருக்குச் சிரமம். பல நாட்டு வாசகருக்கான ஆய்வு, கொள்கை அறிக்கைகளுக்கு ஆக்ஸ்ஃபோர்டு முறை. பிரிட்டிஷ்காரருக்கும் அமெரிக்கருக்கும் உறுத்தல் குறைவு. பள்ளியிலிருந்தே பிரிட்டிஷ் முறையில் பழகியவர் சொந்தக் கட்டுரை, கடிதம், கதை எழுதினால் மாற்றிக்கொள்ள எந்தக் காரணமும் இல்லை. மூன்றில் எதை எடுத்தாலும் சொற்கள் மட்டும் நடுநிலையாக இருக்கட்டும்.

பழைய ஆவணத்தை ஒரு முறையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது 'எல்லாவற்றையும் மாற்று' பொத்தானை நம்பாதீர்கள். பேர்ல் ஹார்பரும் வேர்ல்டு ட்ரேட் சென்டரும் பிரிட்டிஷ் ஆவணத்திலும் அமெரிக்க எழுத்துக்கூட்டலிலேயே நிற்க வேண்டும். பிரிட்டனின் லேபர் கட்சி அமெரிக்க ஆவணத்திலும் யு-வை விடாது. மேற்கோள் காட்டும் வரிகள், கட்டுரைத் தலைப்புகள், இணைய முகவரிகள், நிரல் துண்டுகள் எல்லாம் இதே கணக்கில் வரும். அவற்றை முதலில் குறித்து வைத்துக்கொண்டு, மற்றவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்ற வேண்டியதுதான்.